சுகந்தியின் கட்டிலில் இன்னொரு கை

"மிஸ், கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ. அக்கா படுத்திருக்கிறா."

பெண்கள் வார்ட்டில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தபடி சுகந்தி என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான். கட்டிலில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

நான் குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். சிரிக்காதீர்கள்... நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்கள் பாய் விரித்துக் கீழே படுத்துவிடுவது எங்கள் வார்ட்டில் வழமை. அங்கேயும் யாரும் இல்லை.

"அக்கா எங்கை?"

சுகந்தி வலது கையால் போர்வையை மெல்ல விலக்கிக் காட்டினார். அங்கே ஒரு கை கிடந்தது. மணிக்கட்டில் பிளாஸ்டர், அதற்குள் சேலைன் ஊசி. அவருடைய இடது கை.

"இது அக்காவின்ர கை. சத்தம் போடாதேங்கோ. நல்லாக் களைச்சுப் போய் வந்திருக்கிறா."

வெளியே நல்ல வெயில். வார்ட் முழுக்க ஆட்கள். ஆனாலும் என் முதுகில் ஒரு குளிர் ஓடியது உண்மை.

இந்தக் கதையை எழுதலாமா என்று சுகந்தியிடமே கேட்டேன். "எழுதுங்கோ. பேரை மட்டும் மாத்தி, வடிவான பேராப் போடுங்கோ" என்றார். சுகந்தி என்ற பெயர் அவர் தெரிந்தெடுத்ததுதான். மற்றப் பெயர்களையும் அவரே வைத்தார்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் — நான் தொழில்வழிச் சிகிச்சையாளர். வார்ட்டில் 'ஓ.டி. மிஸ்'. பெயரைக் கேட்டு, "மிஸ், என்ர பெடியனுக்கும் ஒரு தொழில் எடுத்துத் தாங்கோவன்" என்று கேட்டவர்களும் உண்டு. நான் எடுத்துத் தருகிற தொழில்கள் வேறு. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவது. சட்டைப் பொத்தான் பூட்டுவது. கழிவறைக்குப் போய்த் திரும்பி வருவது. பக்கவாதம் வந்தவர்களுக்கு, சேலைன் ஏறிக்கொண்டிருக்கும்போதே இவற்றைத் திரும்பச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். பிந்தினால் மூளை அந்தக் கையை மறந்தே போகும்.

சுகந்திக்கு நாற்பத்தைந்து வயதுக்குள்தான். பூநகரிப் பக்கம் வீடு. குசினியில் புட்டு அவித்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்திருக்கிறார். மூளையின் வலது பக்கத்தில் இரத்தம் அடைபட்டு, உடம்பின் இடது பக்கம் விழுந்துவிட்டது.

இந்த வகைப் பாதிப்பில் சிலருக்கு இடது பக்கம் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாமல் போய்விடும். தட்டில் வலது பாதிச் சோறு முடிந்துவிடும், இடது பாதி அப்படியே கிடக்கும். இடது பக்கம் நின்று கூப்பிட்டால், வலது பக்கம் திரும்பித் தேடுவார்கள். இன்னும் சிலருக்கு — மிகச் சிலருக்குத்தான் — தங்கள் கை தங்களுடையதே இல்லை என்று தோன்றும். முல்லைத்தீவில் இருந்து வந்த கடற்றொழிலாளி ஒருவர், "ஆரோ செத்த ஆளின்ர கையை என்ர கட்டிலில போட்டிட்டாங்கள், எடுத்து எறியுங்கோ" என்று கத்தி வார்ட்டையே எழுப்பியிருக்கிறார். தன் கையைத் தானே கட்டிலில் இருந்து தள்ளிவிடப் பார்த்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

ஆனால் சுகந்தி கத்தவில்லை. தள்ளவில்லை. அந்தக் கைக்குப் போர்வை போர்த்திவிட்டார்!

முதல் நாள் வழக்கமான பரிசோதனை. அந்தக் கையைத் தூக்கி, மணிக்கட்டை அசைத்து, விரல்களை விரித்தேன். துணி மாதிரிக் கிடந்தது. பிறகு என் இரண்டு விரல்களை அவருடைய உள்ளங்கையில் வைத்தேன்.

சுகந்தி கண்களை மூடியிருந்தார். முகம் மறுபக்கம் திரும்பியிருந்தது.

அந்தக் கை மெதுவாக மூடியது. ஒவ்வொரு விரலாக. என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"அக்காவுக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு" என்றார் சுகந்தி, கண்ணைத் திறக்காமல்.

இதற்கு விளக்கம் இருக்கிறது. மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டால், பிறந்த குழந்தையின் கை பிடிப்பதைப் போல உள்ளங்கையில் பட்டதைக் கை பிடிக்கும். படித்திருக்கிறேன். மற்றவர்களுக்குப் படிப்பித்தும் இருக்கிறேன். ஆனால் விரல்களை விடுவித்துக்கொண்டு எழும்பியபோது என் கை வியர்த்திருந்ததே... அதற்கு எந்தப் புத்தகத்தில் விளக்கம்?

சுகந்தியின் கணவர் தவராசா. கடலேரியில் இறால் பிடிப்பவர். அதிகம் கதைக்காத மனிதர். பூநகரியில் இருந்து பஸ் எத்தனை தரம் ஓடுகிறது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். காலை பஸ்ஸைப் பிடித்து வந்து, பார்வையாளர் நேரம் வரும்வரை வெளியே மரத்தடியில் காத்திருந்து, பிறகு வார்ட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் மனைவியின் வலது பக்கம் உட்கார்ந்திருப்பார்.

அவரிடம் நான் எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன்.

"அண்ணை, இந்தப் பக்கம் இருக்காதேங்கோ. இடது பக்கம் போய் இருங்கோ. அந்தப் பக்கமிருந்து கதையுங்கோ. அந்தக் கையைப் பிடிச்சு மெல்ல மெல்லத் தடவி விடுங்கோ. அப்பத்தான் மூளைக்கு அந்தப் பக்கம் ஞாபகம் வரும்."

"சரி மிஸ்."

சொன்னதை அப்படியே செய்தார். ஒவ்வொரு நாளும் இடது பக்கம் உட்கார்ந்து, அந்தக் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். சுகந்தி கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

ஒரு நாள் தாதி வந்து, அந்தக் கையில் இருந்த ஊசியைக் கழற்றி மற்றக் கைக்கு மாற்றினார். ஊசி இருந்த இடத்தில், பெருவிரலுக்குக் கீழே, இரத்தம் கசிந்து கருநீலமாக ஒரு வட்டம். சாதாரண விஷயம். வார்ட்டில் பாதிப் பேருக்கு இருக்கும்.

"பாருங்கோ அத்தான்" என்றார் சுகந்தி. "நான் சொல்ல நம்பேல்லைத்தானே? அக்காவின்ர மறு."

தவராசா குனிந்து பார்த்தார். அந்தக் கையை மெத்தையில் கவனமாக — ஒரு முட்டையை வைப்பதுபோல — வைத்தார். எழும்பி வெளியே போனார். நான் பின்னால் போனபோது, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றார். கழுவி முடிந்த பிறகும் கழுவிக்கொண்டே நின்றார்.

"அண்ணை, அது ஊசி போட்ட காயம். ரெண்டு மூண்டு நாளில மறைஞ்சிடும்."

"தெரியும் மிஸ்" என்றார். "ஆனா மறு அந்த இடத்திலதான் இருந்தது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா என்று ஒருவர் உண்மையாகவே இருந்திருக்கிறார்.

அடுத்த நாள் ஒரு கண்ணாடி கொண்டுபோனேன். இது எங்கள் சிகிச்சையில் உள்ள ஒரு வழிதான். நேரில் பார்க்கும்போது தன் கையை 'இல்லை' என்பவர், கண்ணாடியில் பார்க்கும்போது 'ஓம்' என்று சொல்வதுண்டு. ஏன் என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது.

சுகந்தியை நிமிர்த்தி இருத்தி, கண்ணாடியை எதிரே பிடித்தேன்.

"இதில ஆர் தெரியுது?"

"நான்."

"இந்தக் கை?" கண்ணாடியில் தெரிந்த இடது கையைக் காட்டினேன்.

"என்ர கை."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணாடியை இறக்கினேன். "இப்ப கீழ பாருங்கோ. இது ஆற்ர கை?"

"அக்காவின்ர."

கண்ணாடியை உயர்த்தினேன். "இது?"

"என்ரை."

"அப்ப உங்களுக்கு எத்தினை கை, சுகந்தி?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இவ்வளவு படித்த மிஸ்ஸுக்கு இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"எனக்கு ரெண்டு. அக்காவுக்கு ஒண்டு."

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் வாய் கேட்டுவிட்டது. "அக்காவின்ர மற்றக் கை?"

சுகந்தி போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"அது இன்னும் வந்து சேரேல்லை மிஸ்."

பக்கத்துக் கட்டில் அம்மா அன்று மத்தியானமே வேறு கட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். வார்ட் கூட்டுகிற பூமணி அக்கா, ஜன்னலோரத்துக்கு வந்ததும் தும்புத்தடியை நீளமாகப் பிடித்து எட்ட நின்றே கூட்டத் தொடங்கினார். "எனக்குப் பயமில்லை மிஸ், இடுப்பு நோகுது" என்றார். நானும் இடுப்பென்றே வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மகள் கீர்த்தனா வந்தாள். கிளிநொச்சியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிற பிள்ளை. "அம்மா" என்று ஓடிவந்து கட்டிப்பிடித்தாள்.

சுகந்தி அவளுடைய தலையைத் தடவினார். பிறகு, மிகவும் சாதாரணமாக, "உன்னைப் பெத்த கொம்மாவும் வந்திருக்கிறா பிள்ளை. இஞ்ச, கையைப் பிடிச்சுப் பார்" என்றார்.

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. குடும்பத்தாருக்கு நாங்கள் சொல்வது அதுதான் — நோயாளியோடு வாதாடவும் வேண்டாம், ஓம் என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கீர்த்தனா சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்தாள். அந்தக் கையைத் தூக்கினாள். உள்ளங்கை பட்டதும் விரல்கள் மூடின. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை அப்படியே இருந்தாள்.

வாசலில் என்னிடம் வந்தாள். "மிஸ், அது என்ர சின்னம்மாவின்ர கை எண்டு எனக்குத் தெரியும். நான் அம்மா எண்டு கூப்பிடுறது அவவைத்தான். பெத்த அம்மாவின்ர முகம் எனக்குத் தெரியாது. படமும் இல்லை. பொய் எண்டு தெரிஞ்சும்... விட விருப்பமில்லாமக் கிடந்தது."

அவளைப் பஸ் நிறுத்தம்வரை கூட்டிக்கொண்டு போய் விட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்தக் கையில் சூடு பட்டது.

காலைத் தேநீரைக் கோப்பையோடு சுகந்தி அந்தக் கையின்மேல் சரித்திருக்கிறார். "அக்கா ஒண்டும் குடிக்கேல்லை" என்றாராம். தோல் சிவந்து கொப்புளம் கிளம்பியது. அவருக்கு நோகவே இல்லை. எனக்கு நொந்தது. உணர்ச்சியில்லாத கையைச் சொந்தக்காரியே கவனிக்காவிட்டால், அடுத்தது அடுப்பு. அதற்கடுத்தது அரிவாள். இப்படியே வீட்டுக்கு அனுப்ப முடியாது.

பயிற்சிக்கும் ஒத்துழைக்க மறுத்தார். "அது அக்காவின்ர கை. அவ செய்வா." சாப்பாடும் குறைந்துகொண்டே வந்தது.

மருந்து போட்டுக் கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மிஸ், ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்கோ."

"அத்தானை அந்தப் பக்கம் போய் இருக்கச் சொன்னது நீங்கள்தானே?"

"ஓம்."

"அக்காவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கச் சொன்னதும் நீங்கள்தானே?"

நான் கட்டுத்துணியின் நுனியைத் திரும்பச் செருகினேன்.

"நான் குறை சொல்லேல்லை மிஸ். அது நியாயம்தானே. அவவின்ர புருசன். எத்தினை வருசத்துக்குப் பிறகு வந்திருக்கிறா... இனி நான் அந்த வீட்டுக்குப் போறது சரியில்லை. வவுனியாவில மாமி வீடு கிடக்கு. என்னை அங்க அனுப்பி விடுங்கோ."

இத்தனை நாளும் மூளைக்கு இடது பக்கத்தை நினைவூட்டுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணோ, தன் கணவர் அக்காவின் கையைத் தடவுவதை நாள்தோறும் கூரையைப் பார்த்தபடி சகித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்!

அன்று மரத்தடியில் தவராசாவைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். முழுக் கதையையும் கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வசனத்துக்கும் இடையில் ஒரு பீடி குடிக்கலாம் போலிருந்தது. அத்தனை இடைவெளி.

அக்கா வசந்திதான் அவருடைய முதல் மனைவி. கடைசி யுத்தத்தின் இடப்பெயர்வில், தறப்பாள் கூரைக் கொட்டிலில் இருந்து தண்ணீர் எடுக்கப் பிளாஸ்டிக் கானோடு போனவர் திரும்பவில்லை. உடலும் இல்லை. கண்டோம் என்று சொன்னவர்களும் இல்லை. கீர்த்தனா அப்போது தவழ்கிற குழந்தை. கொட்டிலில் இருந்த இன்னொரு ஆள் வசந்தியின் தங்கை சுகந்தி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர்தான். முகாமில் இரவுபகல் பார்த்தவரும் அவர்தான். ஊருக்குத் திரும்பிய பிறகு, "பிள்ளைக்கு ஒரு ஆள் வேணும்" என்று சொந்தக்காரர்கள் கூடி, கோயிலில் வைத்துத் தாலி கட்டுவித்தார்கள். பதிவு செய்யவில்லை. வசந்தி இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்க இருவருக்குமே மனம் வரவில்லை.

அக்காவின் புருசனாக இருந்தபோது 'அத்தான்'. தன் புருசனான பிறகும் 'அத்தான்'. அந்தச் சொல்லைக்கூட சுகந்தி மாற்றவில்லை.

"வசந்தியைப் பற்றி வீட்டில கதைக்கிறனீங்களே?"

"இல்லை மிஸ். கதைச்சா இவவுக்கு நோகும்."

"அவ கேட்கிறவவே?"

"ஒருநாளும் கேக்கேல்லை. எனக்கு நோகுமெண்டு விட்டிருப்பா." மரத்தடி மண்ணைச் செருப்பால் நிரவினார். "வாசல் படலைச் சத்தம் கேட்டா மட்டும் எழும்பிப் போய்ப் பாப்பா. நாய் தட்டினாலும் போய்ப் பாப்பா. ஏனெண்டு நான் கேட்டதில்லை."

வீட்டில் இருக்கிற ஆளோடு சண்டை பிடிக்கலாம். செத்த ஆளுக்கு அந்திரட்டிக் கிரியை செய்து, படம் மாட்டி, விளக்குக் கொளுத்தலாம். வருவாரா வரமாட்டாரா என்று தெரியாத ஆளை என்ன செய்வது? வன்னியில் எத்தனை வீடுகளில் இப்படி ஒரு ஆளுக்கு இடம்விட்டு, ஒதுங்கி ஒதுங்கி இருக்கிறார்கள்...

தவராசாவிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "அண்ணை, அவ வவுனியா போகப் போறனெண்டு நிக்கிறா. கையைப் பற்றி ஒண்டும் கதைக்காதேங்கோ. ஆனா சுகந்தியோட கதையுங்கோ."

தலையாட்டினார். ஆனால் இந்த ஒரு சொல்லைத்தான் அவர் கேட்கவில்லை!

அன்று மத்தியானம் நான் எதிர்ப்பக்கக் கட்டிலில் ஒரு அம்மாவுக்கு ஒற்றைக் கையால் சட்டை போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தவராசா வந்தார். இடது பக்கம் உட்கார்ந்தார். கட்டுப்போட்ட அந்தக் கையை இரண்டு கைகளாலும் தூக்கி மடியில் வைத்தார். பிறகு, கையைப் பார்த்தே பேசத் தொடங்கினார்.

"வசந்தி."

சுகந்தி அசையவில்லை. நான் ஓடிப்போய் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

"நீ தண்ணிக்குப் போனனி. வரேல்லை. நான் தேடினனான். பிள்ளையை இவவிட்டக் குடுத்திட்டு, செல்லடிக்குள்ளால போய்த் தேடினனான். பேந்து முகாம் முகாமாக் கேட்டனான். நீ வரேல்லை."

கையை மடியில் இன்னும் அணைத்துக்கொண்டார்.

"உன்ர பிள்ளையை இவதான் வளத்தவ. நல்லா வளத்திருக்கிறா. எனக்கும் இவதான் எல்லாம். உன்னை மறந்தனெண்டு இல்லை. ஆனா நீ இப்ப வந்து கூப்பிட்டாலும் நான் இவவை விட்டிட்டு வரமாட்டன். கோவிக்காதை."

சுகந்தியின் தலை திரும்பியது. இடது பக்கம்!

பாட்டுப் போட்டு, மணி அடித்து, சிவப்புத் துணி தொங்கவிட்டு, எத்தனையோ விதமாக முயன்றும் என்னால் திருப்ப முடியாத தலை அது. முழுவதுமாகத் திரும்பி, கணவரின் முகத்தைப் பார்த்தது.

"அக்கா அழுறா அத்தான்" என்றார் சுகந்தி. "துடைச்சு விடுங்கோ."

தவராசா அந்தக் கையைத் துடைக்கவில்லை. குனிந்து, சுகந்தியின் இடது கண்ணைத் துடைத்துவிட்டார்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். சுகந்தி நிமிர்ந்து உட்கார்ந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா?"

"விடியமுன்னம் போயிட்டா."

"அப்ப இந்தக் கை?"

குனிந்து, முதன்முறையாகப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். "தெரியேல்லை மிஸ். ஆரோ விட்டிட்டுப் போயிருக்கினம்."

"நாங்கள் வைச்சிருப்பமே?"

"ஓம். வைச்சிருப்பம். ஆரும் கேட்டு வந்தாக் குடுப்பம்."

ஆரும் கேட்டு வரவில்லை. அதன்பின் அந்தக் கை மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. முதலில் தோள். ஒரு நாள், "முழங்கை மட்டும் என்ரை, அங்கால தெரியேல்லை" என்றார். பிறகு மணிக்கட்டு. கடைசியாக விரல்கள். சின்னவிரல்தான் கடைசிவரை பிடிவாதம் பிடித்தது.

தவராசாவின் பேச்சா காரணம்? எங்கள் டொக்டரிடம் கேட்டேன். "அது தானாவே தெளியிறதுதான். பெரும்பாலும் சில கிழமைக்குள்ள போயிடும்" என்றார். அவர் சொன்னது சரி. நானும் அறிக்கையில் அப்படித்தான் எழுதினேன்.

கை முழுவதும் தன்னுடையதான அன்று சுகந்தி சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப அக்கா உண்மையா வரேல்லை, என்ன மிஸ்?"

"வரேல்லை, சுகந்தி."

அந்தக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்தக் கை அவர் நினைத்த இடத்துக்கு, யாரும் தூக்கிவிடாமல் உயர்ந்து போனது அன்றுதான் முதல் தடவை. ஒரு சிகிச்சையாளராக நான் கைதட்டியிருக்க வேண்டிய நேரம். முடியவில்லை.

வீட்டுக்குத்தான் போனார். வவுனியாவுக்கு அல்ல.

போன கிழமை பூநகரிக்குப் போயிருந்தேன். வீட்டுக்கு அனுப்பிய சில நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. அடுப்பை மேடைக்கு உயர்த்தியிருந்தார்கள். கிணற்றடியில் பிடித்து நடக்கக் குழாய் போட்டிருந்தார்கள். சுகந்தி இடது கையால் தேங்காய்ப் பாதியை அழுத்திப் பிடித்து வலது கையால் துருவிக் காட்டினார். கொஞ்சம் நடுக்கம். பரவாயில்லை.

என்னை அதிசயப்படுத்தியது வேறு. அந்த வீட்டில் கதை நடந்துகொண்டிருந்தது!

"அக்காவுக்கு நண்டுக் கறி எண்டா உயிர்" என்றார் சுகந்தி.

"உனக்குத் தெரியுமோ? அவவுக்கு நண்டு ஒத்துவராது. உன்னட்டைச் சொல்லாமச் சாப்பிட்டிட்டு வந்து கையைச் சொறிஞ்சுகொண்டு இருப்பா" என்றார் தவராசா.

"பாட்டுப் பாடுவாவே?" என்று கேட்டாள் கீர்த்தனா.

"பாடுவா, பாடுவா" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். பிறகு சிரித்தார்கள். "கேக்க ஏலாது!"

அந்தப் பிள்ளையும் சிரித்தாள். முகம் தெரியாத அம்மாவைப் பற்றி அவளுக்கு இப்போது இரண்டு விஷயங்கள் தெரியும். நண்டு ஒத்துக்கொள்ளாது. பாட்டு வராது.

நான் புறப்பட்டபோது தவராசா படலைவரை கூட வந்தார். சொல்ல ஏதோ இருந்தது போலத் தெரிந்தது. நான் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"மிஸ், மத்தியானம் சாப்பிட்டிட்டுக் கொஞ்ச நேரம் சரிஞ்சு படுக்கிறனாங்கள். இவ நல்ல நித்திரை. குறட்டைகூட விடுவா. அந்தக் கை மட்டும் எழும்பி வருது."

"எங்கை?"

"வந்து என்ர காதைப் பிடிச்சு மெல்லத் திருகுது."

"சுகந்தி பகிடிக்குச் செய்யிறாபோல..."

"இவவுக்கு அந்தப் பழக்கம் இல்லை மிஸ். இது வசந்தி செய்யிறது." குரலைத் தாழ்த்தினார். "அது இவவுக்குத் தெரியாது. ஆருக்குமே தெரியாது."

நல்ல வெயில். வெட்டவெளி. கடலேரிப் பக்கமிருந்து காற்று வீசியது. அந்தக் குளிர் மறுபடி என் முதுகில் ஏறியது.

விளக்கம் சொன்னேன். மூளை தேறி வரும்போது சிலருக்குக் கை தன்பாட்டில் அசையும், நித்திரையில் கூடுதலாக அசையும், பயப்பட ஒன்றுமில்லை. எல்லாம் உண்மைதான். "கொஞ்ச நாளில நிண்டிடும் அண்ணை. வேணுமெண்டா நிப்பாட்ட ஒரு பயிற்சி சொல்லித் தாறன்."

அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவசரமில்லை மிஸ்" என்றார்.

நான் அந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுக்கவில்லை.